இலவசமே போதும் என்றார் மாப்பிள்ளை

வைகாசி 12, திங்கள்

முகூர்த்த மாதத்தில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. ஒரு ஜாதகத்தைத் திறக்கச் சொன்னால் அது யோசித்து யோசித்துத் திறப்பதற்குள் போனில் இருக்கும் பெண்ணின் அப்பா வேறு தரகரைத் தேடிப் போய்விடுவார் போலிருக்கிறது. முருகன்குறிச்சியில் கடை வைத்திருக்கும் ஸ்டீபனை வரவழைத்தேன்.

"அம்மா, உங்க ஆன்டி வைரஸ் காலம் முடிஞ்சுட்டு. காசு கட்டினா புதுப்பிச்சுத் தாரேன். வேண்டாம்னா ஃப்ரீயாவும் ஒண்ணு இருக்கு, போட்டுக்கிடலாம்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"ஃப்ரீயும் வைரஸைப் பிடிக்கும்மா. காசு கட்டினது மெயில்ல வாரதைக் கூடுதலா சோதிக்கும். ஃபைலை எவனும் பூட்ட வந்தா தடுக்கும். ஏதும் ஆச்சுன்னா கூப்பிட்டுக் கேக்க ஆளு உண்டு."

காசு கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் ஜனத்துக்குப் 'பிரமு மாமி திருமணத் தகவல் மையம்' என்றால் தெரியாத வீடு கிடையாது. அந்த மையம் முழுக்க இப்போது இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. போன வருஷம் மகள் மங்கை கூட இருந்து காகித ஜாதகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். ஜாதகத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று காகிதங்களைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு வந்தோம்.

ஸ்டீபன் நாளை வருகிறேன் என்று போயிருக்கிறான். மோர்க்குழம்பில் உப்பு கூடிவிட்டது. எங்கள் வீட்டு மனிதர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

வைகாசி 13, செவ்வாய்

ஸ்டீபனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வருகிறார், பார்த்துக்கொள்வார் என்று மங்கை போனில் சொன்னாள்.

வைகாசி 25, ஞாயிறு

மாப்பிள்ளை குற்றாலநாதன் அவர்கள் வருகை. ஒரு கல்யாணத்துக்காக மங்கையும் அவரும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். தை மாதம்தான் இவர்கள் கல்யாணம் நடந்தது. என் மையத்துக்கு வந்த ஜாதகங்களிலேயே நான் பொறுக்கியெடுத்த ஜாதகம். தென்காசியில் நல்ல குடும்பம், கம்ப்யூட்டர் வேலை, கெட்ட பழக்கம் இல்லை. வாய் மட்டும் ஜாதகத்தில் தெரியாது.

கூடத்தில் ஒரு பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்.

"எதுக்கு அத்தை காசைக் கரியாக்குதீங்க? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃப்ரீயே போதும். இந்தக் கடைக்காரங்க பயங்காட்டியே விப்பாங்க. உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் அவங்க பொழப்பே ஓடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெண் வீட்டாரும் சிரித்தார்கள். என்னை மாதிரி ஆட்களாம்! ஆயிரம் குடும்பத்தை எடைபோட்டவள் நான். ஆனால் மாப்பிள்ளை ஒன்று சொல்லி மாமியார் மறுத்துப் பேசினால் ஊர் மாமியாரைத்தான் பேசும். "நீங்க சொன்னா சரிதான் மாப்பிள்ளை" என்றேன். பல்லைக் கடித்தது யாருக்கும் கேட்டிருக்காது.

இலவசத்தைப் போட்டுக் கொடுத்தார். கையடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டியையும் கொடுத்தார். "வாராவாரம் எல்லாத்தையும் இதுல ஒரு நகல் எடுத்து வச்சிருங்க அத்தை. எந்த ஆன்டி வைரஸைவிடவும் இதான் முக்கியம்." ஒருமுறை செய்தும் காட்டினார். நான் காப்பி ஆற்றிக்கொண்டே பார்த்தேன்.

ஆனி 2, திங்கள்

அந்தக் கறுப்புப் பெட்டியை டி.வி.யில் சொருகினால் பழைய பாட்டெல்லாம் படத்தோடு வருகிறது. எங்கள் வீட்டு மனிதர் இருக்கிறதை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொண்டார். நல்லதுதான், சும்மா கிடப்பானேன்.

ஆனி 6, வெள்ளி

இலவசத்தின் லட்சணம் இன்றைக்குத் தெரிந்தது. பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்து பையன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறுக்கே ஒரு சன்னல் வந்து பையன் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. காசு கட்டி மேம்படுத்து என்கிறது. மூடினால் மறுபடி வருகிறது. பெண்ணின் சித்தி, "மையத்துக்குப் பண நெருக்கடியோ?" என்று கேட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அமைப்புகளுக்குள் போய்க் கொஞ்ச நேரத்துக்கு அதை நிறுத்தி வைத்தேன். அதன் பிறகுதான் நிம்மதியாக வேலை நடந்தது.

மத்தியானம் ஒரு மெயில். துபாயில் டாக்டர் வரன், ஜாதகம் இணைப்பில். திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன், அப்போதும் வரவில்லை. டாக்டர் இல்லையா, அவசரத்தில் அனுப்பியிருப்பார். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனி 9, திங்கள்

எல்லாம் போயிற்று.

ஆனி 10, செவ்வாய்

நேற்று எழுதக் கை வரவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை முழுக்கச் சிவப்பு. இங்கிலீஷில் என்னவோ மிரட்டல். எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டானாம், பணம் அனுப்பினால் சாவி தருவானாம். எந்த ஜாதகத்தைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஸ்டீபன் வந்து அரை நாள் போராடினான். "பணம் அனுப்பினாலும் தருவான்னு நிச்சயமில்லம்மா, அனுப்பிராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மாப்பிள்ளை பெங்களூரிலிருந்தபடியே கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தார். "அத்தை, வெள்ளிக்கிழமையில இருந்து ஆன்டி வைரஸ் ஆஃப்ல இருந்திருக்கே?" என்றார். நான் எதையும் தொடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததெல்லாம் தொட்டதில் சேராது. அதையே இவர் போடச் சொல்லாமல் இருந்திருந்தால் எதை நிறுத்துவேன்?

"சரி அத்தை, அந்த நகல் இருக்குல்லா, அதை எடுங்க."

கூடத்தில் அந்த நகலில் யாரோ கதாநாயகி மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு மனிதர் எழுந்து டி.வி.யை அணைத்தார்.

ஆனி 14, சனி

போன், போன், போன். "எம் பொண்ணு ஜாதகத்தைத் தொலைச்சுட்டியளாமே." "எம் பிள்ளை போட்டோ எவன் கையில இருக்கோ." ஒரு அம்மாள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாள், உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. ஒரு வீட்டைப் பற்றி நான் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க மாட்டார்கள். அப்படிச் சேர்த்த பெயர். அது இன்று தெருவில் கிடக்கிறது.

மாப்பிள்ளை போனில், "விடுங்க அத்தை, திரும்பச் சேத்துக்கிடலாம்" என்கிறார். அவருக்கென்ன, அவர் வேலை பத்திரமாக இருக்கிறது. திட்டவும் முடியாது. மாப்பிள்ளை ஆயிற்றே, தாம்பாளத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இந்த மனிதனை நான் சும்மா விடப் போவதில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவருக்கு எங்கே வலிக்குமோ அங்கே வலிக்க வேண்டும்.

ஆடி 2, வெள்ளி

ஆடிக்கு மங்கையை அழைத்து வந்தாயிற்று. கொண்டுவிட மாப்பிள்ளையும் வந்தார். சொதி வைத்தேன். மாப்பிள்ளைக்குச் சொதி வைக்காமல் விட்டால் திருநெல்வேலிக்கே அவமானம். கெட்டியான தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், எதிலும் குறை இல்லை. இஞ்சித் துவையலை மட்டும் அரைக்கவில்லை. சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் வயிறு சும்மா இருக்காது. மூன்று தடவை கேட்டுக் கேட்டு ஊற்றினேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை திடமாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் வீட்டு மனிதர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆடி 5, திங்கள்

ஸ்டீபனைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, காசு கட்டும் ஆன்டி வைரஸே போட்டேன். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. "அம்மா, காசு கட்டினாலும் நகல் எடுக்கிறதை விட்டுராதீங்க" என்றான். இவனும் அதையேதான் சொல்கிறான்.

மங்கை தன் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஜாதகங்களைத் திரும்ப ஏற்றுகிறாள். தென்காசியிலிருந்து அவள் நாத்தனார் செண்பகமும் உதவுகிறாள். மாப்பிள்ளையின் ஒரே தங்கை. அவள் போனில் இருந்த ஜாதகங்களை அனுப்பி, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பேசிக் கேட்டும் வாங்கித் தருகிறாள். "அத்தை, இன்னிக்கு இன்னும் ரெண்டு வீட்டுல தாரேன்னு சொல்லிட்டாங்க" என்று குழந்தை மாதிரிச் சந்தோஷப்படுகிறாள். நல்ல பெண்தான். அண்ணன் செய்த காரியத்துக்குத் தங்கை பிராயச்சித்தம் செய்கிறாள், அவ்வளவுதான்.

ஆடி 11, ஞாயிறு

எங்கே வலிக்கும் என்று இன்றைக்கு மாப்பிள்ளையே காட்டிக் கொடுத்தார்.

"அத்தை, செண்பகத்துக்கு நீங்கதான் நல்ல இடமா பாத்துக் குடுக்கணும். அப்பா இல்லாத பிள்ளை. அவ கல்யாணத்தை முடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." போனில் குரல் இறங்கிப் போயிருந்தது. என்னை மாதிரி ஆளிடம் கேட்கிறார்.

ஒரு வரன் கைவசம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் சாலாச்சியின் மகன், வேளாண்மைக் கல்லூரியில் வேலை. சாலாச்சியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், உறவிலும் மதினி முறை. ஜாதகம் இரண்டும் அப்படிப் பொருந்துகிறது. பையன் செண்பகத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டானாம்.

ஆடி 20, செவ்வாய்

ஆடியில் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். விசாரிப்பு மட்டும் நடக்கும். சாலாச்சி இன்று கூப்பிட்டாள்.

"மதினி, நான் வேற எங்கயும் விசாரிக்கப் போறதில்லை. நீங்களே அந்த வீட்டுல பொண்ணு குடுத்திருக்கிய. உங்களுக்குத் தெரியாததா? எப்படி, நல்ல குடும்பந்தானே?"

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. "தங்கமான குடும்பம்" என்று கேட்ட மாத்திரத்தில் சொன்னால் அது சம்மதம். கொஞ்சம் தயங்கிச் சொன்னால் அந்த ஜாதகம் அதோடு சரி. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாரையும் குறை சொன்ன பாவமும் வராது.

நான் தயங்கினேன். பின்னால் மங்கை கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டேன்.

"என்னத்தச் சொல்ல மதினி. நாமளே பொண்ணைக் குடுத்துட்டு நாமளே பேசக்கூடாதுல்லா. நீங்க பாத்து முடிவு பண்ணிக்கிடுங்க."

அந்தப் பக்கம் சாலாச்சி, "புரியுது மதினி" என்று வைத்துவிட்டாள்.

ஒரு பொய் சொல்லவில்லை நான். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. மனதுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ரவா கேசரி கிளறினேன். என்ன விசேஷம் என்று மங்கை கேட்டாள். சும்மாதான் என்றேன்.

ஆவணி 1, ஞாயிறு

ஆடி முடிந்துவிட்டது, இன்று மங்கையை அழைத்துப் போக மாப்பிள்ளை வருவதாக இருந்தது. ஜாதகம் எல்லாம் ஏற்றி முடியட்டும், இந்த மாதம் முழுக்க இங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் நிறுத்தினேன். அவளுக்கு அரை மனது. அவரிடம் போனில் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினாள். மாப்பிள்ளையும் "அத்தை கஷ்டப்படுதாங்க, இருந்து செஞ்சு குடுத்துட்டு வா" என்றாராம். பெருந்தன்மையாம்.

ஆவணி 4, புதன்

சாலாச்சி வீட்டிலிருந்து தென்காசிக்குத் தகவல் போய்விட்டது. 'பொருத்தம் சரியில்லை.' பையன் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகும்.

மாப்பிள்ளை கூப்பிட்டார். "நல்லா வந்துட்டு இருந்துச்சு அத்தை. என்னன்னே தெரியலை, திடீர்னு வேண்டாம்னுட்டாங்க. செண்பகம் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை." நான் உச்சுக் கொட்டினேன். இதைவிட நல்ல இடம் வரும், விடுங்க மாப்பிள்ளை, திரும்பப் பாத்துக்கிடலாம் என்றேன். ஆனியில் அவர் எனக்குச் சொன்ன ஆறுதல் இதுதான். வட்டியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று.

செண்பகம் இன்றும் ஒரு ஜாதகம் அனுப்பியிருந்தாள். அதைத் திறக்காமல் விட்டேன்.

ஆவணி 8, ஞாயிறு

சிவன் கோயிலில் என்னவோ இன்று எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியம். வாசலில் நின்று பேசிவிட்டுப் போன அந்த அம்மாள்கூடக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மங்கை இங்கதான் இருக்காளா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஆவணி பொறந்தும் இங்கதானா?" என்றாள். ஆமாம், வேலை இருக்கிறது என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும். பெத்த வீடு இருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை?" கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மையத்தின் மேல் எல்லோருக்கும் கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது.

சாயங்காலம் மங்கையோடு கடைக்குப் போனபோது இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். புடவை நன்றாயிருந்தது, அதைப் பார்த்திருப்பார்கள்.

ஆவணி 12, வியாழன்

பக்கத்து வீட்டிலிருந்து அல்வா வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால் "மங்கைக்குக் குடுங்க, பாவம்" என்றார்கள். எதற்குப் பாவம்? எங்கள் வீட்டு மனிதரிடம் சொன்னேன். அவர் அல்வாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆவணி 15, ஞாயிறு

மத்தியானம் மங்கை மெயில்களைப் பார்த்து ஜாதகம் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீபோர்டுச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

"அம்மா, அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

சாலாச்சி அனுப்பியிருக்கிறாள். அவள் அக்கா மகன். முதல் கல்யாணம் முறிந்துபோனவன், தங்கமான குணம், ஒரு பெண் குழந்தை மட்டும். கீழே தமிழில் எழுதியிருந்ததை மங்கை வாசித்தாள். குரல் ஒரே மாதிரி இருந்தது.

"'மதினி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க வாய் விட்டுச் சொல்லாட்டாலும் எனக்குப் புரிஞ்சுட்டு. உங்க வீட்டுப் பிள்ளையை அந்தக் குடும்பம் என்ன பாடு படுத்தியிருந்தா நீங்க அப்படிப் பெருமூச்சு விட்டிருப்பிய. மங்கை திரும்பி வந்துட்டதா ஊர்லயும் சொன்னாங்க. அங்க எல்லாம் முறைப்படி தீர்ந்த பிறகு பாப்போம், அவசரம் இல்லை.'"

அரிசி மடியில் இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை.

"சாலாச்சி அத்தைட்ட என்னம்மா சொன்ன?"

"நான் ஒண்ணுமே சொல்லலை."

"செண்பகத்துக்கு அந்த இடம் தட்டிப் போனது உன்னாலயா?"

"உன் புருஷன் மட்டும் அன்னிக்கு அந்த ஃப்ரீயைப் போடச் சொல்லாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தேன். மங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வயிற்றில் பிறந்தவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. மீதியை விழுங்கிவிட்டேன்.

அவள் செண்பகத்தைக் கூப்பிட்டாள். எழுதியிருந்தது முழுவதையும் மறுபடி வாசித்தாள், ஒரு வார்த்தை விடாமல். பிறகு எழுந்து வந்து போனை என் கையில் வைத்தாள்.

செண்பகம் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அத்தை," என்றாள், "மங்கை மதினிக்கு எங்க வீட்டுல என்ன கொறை வச்சோம்? எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுன்னாலும் திருத்திக்கிட்டிருப்போமே."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆவணி 16, திங்கள்

மங்கை போய்விட்டாள். அவள் அப்பா ரயிலேற்றிவிட்டு வந்தார். கிளம்பும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஜாதகங்கள் பாதிக்கு மேல் ஏற்றியாயிற்று, மிச்சம் அப்படியே கிடக்கிறது. மாப்பிள்ளையிடமிருந்து போன் இல்லை. எதையாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

சாலாச்சியைக் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"மதினி, தங்கமான குடும்பம்," என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "எம் பொண்ணை ராணி மாதிரி வச்சிருக்காங்க. எனக்கு ஒத்தாசை பண்ணத்தான் அவ இங்க இருந்தா. இப்பப் பெங்களூருக்குப் போயிட்டா. செண்பகம் மாதிரி ஒரு பிள்ளை எங்க தேடினாலும் கிடைக்காது. உங்க வீட்டுக்கு அவதான் ஏத்தவ. நான் சொல்லுதேன், நம்புங்க."

அந்தப் பக்கம் சாலாச்சி பெருமூச்சு விடுவது கேட்டது.

"அழாதீங்க மதினி," என்றாள். "பிள்ளையை அங்கயே திரும்ப அனுப்பி வச்சுட்டியளாக்கும். பெத்தவ வேற என்னத்தச் சொல்லுவா?"